தகவலாளர் எண் ஏழு

3 மார்ச், செவ்வாய்

இன்று முதல் நான் மாநாட்டு அமைப்பாளர். துறைத்தலைவர் காலையில் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன். அந்த அறையில் உட்காரச் சொன்னால் எதையோ தலையில் கட்டப் போகிறார் என்று அர்த்தம்.

வட்டார மொழியியல் பன்னாட்டு மாநாடு, 27-ஆம் தேதி. பாதிப் பேர் அரங்கில், பாதிப் பேர் இணையத்தில்.

"ஹால்ல எத்தனை பேர் இருந்தாலும் பரவாயில்ல. ஆன்லைன்ல நூத்தம்பது பேரைக் காட்டணும். அப்பதான் பன்னாட்டுன்னு போட்டுக்க விடுவாங்க" என்றார்.

தலையாட்டிவிட்டு எழுந்தேன். எழுந்த பிறகுதான் முக்கியமானதைச் சொன்னார். என் பணி நிரந்தரம் மே மாதம் குழு முன்னால் வருகிறதாம். "உங்க குரல் ஏற்றம் கட்டுரையை இதுல வாசிச்சுடுங்க. தொகுப்புல வந்துட்டா யாரும் தட்ட முடியாது."

குரல் ஏற்றம்! எங்கள் வட்டாரத்து ஆட்கள் மனதில் இருப்பதை முழுசாகச் சொல்லாமல் நிறுத்தும்போது, வாக்கியத்தின் கடைசியில் குரல் லேசாக மேலே ஏறும். இதுதான் என் முனைவர் பட்டத்தின் கண்டுபிடிப்பு. பதினொரு வருடமாக இதைச் சொல்லித்தான் பிழைப்பு ஓடுகிறது.

5 மார்ச், வியாழன்

மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்புக் குழுவிலிருந்து விதிமுறைகள் வந்தன. பதினான்கு பக்கம். பதிமூன்று பக்கம் அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்று. பதினான்காவது பக்கத்தில் இடி: ஒவ்வொரு தகவலாளரிடமிருந்தும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும்.

தகவலாளர் என்றால் நாங்கள் ரெக்கார்டரை நீட்டும்போது பேசுகிறவர். அவருக்குப் பெயர் கிடையாது, எண்தான். என்னிடம் மொத்தம் நூற்று அறுபத்து நான்கு பேர். நூற்று அறுபத்து மூன்று கையெழுத்து இருக்கிறது.

இல்லாதது ஏழாம் எண்ணுடையது. 'தகவலாளர் 7. பெண். வயது 36. இல்லத்தரசி.' ஆய்வேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அது என் அக்கா.

அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த எட்டு மாதம் அது. அக்கா நில அளவையர். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். "நீ உன் படிப்பை முடி, நான் பாத்துக்கறேன்" என்றாள். நானும் முடித்தேன். ஆட்களுக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்தால் எல்லோரும் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசுகிறார்கள். எனக்கு இயல்பான பேச்சு வேண்டியிருந்தது. சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு மேலே, பழைய துணிப்பைக்குப் பின்னால் வைத்தேன். அது என்ன என்று கேட்டவளிடம் பேட்டரி எத்தனை நேரம் நிற்கிறது என்று பார்க்கிறேன் என்றேன்.

கேட்டிருந்தால் அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள். கேட்டிருந்தால் இயல்பாகவும் பேசியிருக்க மாட்டாள். அப்போது என்னை நானே இப்படித்தான் சமாதானப்படுத்திக்கொண்டேன். இப்போதும் அதே சமாதானம்தான், கொஞ்சம் நைந்திருக்கிறது.

அக்காவின் கையெழுத்து எனக்குத் தெரியும். போட்டால் அச்சு அசலாக வரும். பள்ளியில் என் மதிப்பெண் அட்டைக்கு அப்பாவின் கையெழுத்தைப் போட்டுத் தந்தவளே அவள்தான். எங்கள் குடும்பத்தில் அது ஒரு கலை.

சீ. என்ன யோசனை இது.

9 மார்ச், திங்கள்

இணையப் பதிவு: பதினொன்று. அதில் ஒன்று, படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க நானே போட்டது.

10 மார்ச், செவ்வாய்

அக்காவுக்குப் போன் செய்தேன். கேட்டே விடுவது என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதி வைத்துக்கொண்டுதான் செய்தேன். துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியே விட மாட்டேன் என்கிறதாம், அதைப் பற்றி இருபது நிமிடம் பேசினோம்.

"என்னமோ கேக்க வந்த மாதிரி இருக்கே" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்."

"சும்மா போன் பண்ற ஆளா நீ?"

நான் சிரித்துச் சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை. தாளை மடித்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

16 மார்ச், திங்கள்

பத்தொன்பது பேர். துறைத்தலைவர் நடைபாதையில் என்னைப் பார்த்தால் 'எவ்வளவு ஆச்சு' என்று விரலால் கேட்கிறார்.

மதியம் ஒரு யோசனை வந்தது. என்னிடம் நூற்று அறுபத்து நான்கு பேருடைய போன் நம்பர் இருக்கிறதே. என் தகவலாளர்கள்! லாரி ஓட்டுகிறவர், தையல் கடைக்காரம்மா, பால் கொடுக்கிறவர், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். அத்தனை பேருக்கும் அழைப்பும் இணைப்பும் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை வேலை நாளில் யார் உட்கார்ந்து மொழியியல் கேட்கப் போகிறார்கள்? பட்டியலில் பெயர் ஏறினால் போதும்.

ஏழாம் நம்பரை மட்டும் கவனமாக எடுத்துவிட்டேன். இரண்டு முறை சரிபார்த்தேன். எனக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது.

19 மார்ச், வியாழன்

நூற்றுப் பன்னிரண்டு!

துறையின் கணினியையும் கம்பிகளையும் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் 'கேபிள்' என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் எப்போதும் ஒரு சுருள் தொங்கும். அவர் பதிவுப் பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"மேடம், 'நிறுவனம்'ங்கற இடத்துல ஒருத்தர் 'எங்க வீடு'ன்னு போட்டிருக்கார். இன்னொருத்தர் 'சொந்த லாரி'. இதை எப்படி ரிப்போர்ட்ல காட்றது?"

"தற்சார்பு ஆய்வாளர்கள்னு போடுங்க."

கேபிள் என்னை ஒரு மரியாதையோடு பார்த்தார்.

தையல் கடைக்காரம்மாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி: 'நான் பேசினதையும் போடுவீங்களா மேடம்? எங்க தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன்.' அவர் எண் 22. அவர் பேச்சில் ஏற்றமே இல்லை என்பதால் கட்டுரையில் எங்கேயும் வரமாட்டார். 'கண்டிப்பாக வாருங்கள்' என்று பதில் போட்டேன்.

26 மார்ச், வியாழன்

ஒத்திகை. அரங்கில் பேசினால் இணையத்தில் எதிரொலி. இணையத்தில் பேசினால் அரங்கில் அமைதி. கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்பச் சொருகினார். ஏன் சரியானது என்று அவருக்கும் தெரியவில்லை.

27 மார்ச், வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வேன்.

அரங்கில் இருபத்தாறு பேர். அதில் ஒன்பது பேர் நாற்காலி போட்டவர்களும் சாப்பாடு கொண்டுவந்தவர்களும். தொடக்க உரை வெளிநாட்டுப் பேராசிரியர், இணையத்தில். ஏழாவது நிமிடத்தில் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துவிட்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் அவர் யோசிக்கிறார் என்று நினைத்து நான்கு நிமிடம் மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஒருவர் குறிப்பு வேறு எடுத்தார்.

இணையத்தில் நூற்று எண்பத்து மூன்று பேர். துறைத்தலைவர் மூன்று தடவை வந்து அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு அதைப் பெரிதாக்கித் திரையின் மூலையில் போடச் சொன்னார்.

பதினொன்றே முக்காலுக்கு என் கட்டுரை. தலைமை அவரே. திரையில் 'தகவலாளர் 7' என்று காட்டி, அந்தப் பதிவைப் போட்டேன். அக்கா தன் அலுவலக மேலதிகாரியிடம் போனில் பேசியது.

"எனக்கென்ன சார், நான் நல்லாத்தான் இருக்கேன். அந்த வேலைக்கு வேற யாரையாவது போட்டுக்கோங்க."

அரங்கு முழுக்க அவள் குரல். நான் சிவப்புப் புள்ளியைத் திரையில் ஓட்டி, 'இருக்கேன்' என்ற இடத்தில் கோடு எப்படி ஏறுகிறது பாருங்கள் என்று காட்டினேன். இது எங்கள் வட்டாரத்தின் தனிப்பண்பு என்றேன். கைத்தட்டினார்கள். சாப்பாடு கொண்டுவந்தவர்கள் சேர்ந்து தட்டியதால் நன்றாகவே கேட்டது.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு குரல். "மேடம், தையக்கடையிலேர்ந்து பேசறேன். கேக்குதா?"

கேட்டது.

"எங்க பக்கம் யாரும் இப்படிப் பேச மாட்டாங்க மேடம். அந்தம்மா அழுகைய அடக்கிக்கிட்டுப் பேசறாங்க. அதான் அப்படிப் போகுது குரல்."

"ஆமா, அது ஊர்ப் பேச்சு இல்ல" என்று இன்னொரு குரல். பின்னால் லாரி ஹாரன் கேட்டது. தொடர்ந்து நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் ஆமாம் போட்டார்கள்.

தனிநபர் உணர்ச்சியையும் வட்டாரப் பண்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று நான் விளக்கினேன். மிக நிதானமாக, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

"நேரமாச்சு, எழுத்துல வந்த ஒரே ஒரு கேள்வி" என்று துறைத்தலைவர் திரையைப் பார்த்தார். சிரித்தார். "தகவலாளர் ஏழுன்னு பேரு வச்சுக்கிட்டு ஒருத்தர் கேக்கறாங்க. நல்ல நகைச்சுவை." அரங்கும் சிரித்தது. அவர் வாசித்தார்: "அந்தம்மா அதுக்கப்புறம் வேலைக்குப் போனாங்களா?"

 திரையில் முகம் இல்லை, ஒரு கறுப்புக் கட்டம்தான். அதற்குள்ளே யார் என்று அந்த அரங்கில் எனக்கு மட்டும் தெரியும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "தரவில் அந்தத் தகவல் இல்லை."

"சரியான பதில். ஆய்வாளருக்குத் தன் எல்லை தெரிஞ்சிருக்கணும்" என்றார் துறைத்தலைவர்.

கட்டம் மறைந்தது. மூலையில் நூற்று எண்பத்து மூன்று நூற்று எண்பத்திரண்டானது.

அக்கா கேட்டுட்டா. முழுசா உக்காந்து கேட்டிருக்கா. எனக்குத் தெரியாதா அவ வேலைக்குப் போகலன்னு? அப்பா போனப்புறமும் அந்த இடம் திரும்பக் கிடைக்கலன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சே சொன்னேன். நூத்தி எண்பது பேருக்கு முன்னாடி, என் அக்கா கேள்விக்கு, தரவுல இல்லன்னு சொன்னேன்.

28 மார்ச், சனி

ஆறு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

30 மார்ச், திங்கள்

தையல் கடைக்காரம்மாவிடமிருந்து செய்தி. 'தப்பா எடுத்துக்காதீங்க மேடம், மனசுல பட்டதைச் சொன்னேன். உங்க அக்காவும் எங்க தெருதானே, கூடவே உக்காந்து பாக்கலாம்னு அவங்களுக்கும் லிங்க் அனுப்பினேன். வீட்டுலயே பாத்துக்கறேன்னுட்டாங்க. பாத்தாங்களா?'

'தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன்' என்று அவர் பத்தொன்பதாம் தேதியே எழுதியிருந்தார். நான் படிக்கவும் செய்தேன். கொஞ்சம் மூளை இருக்கிறது என்று எழுதியவளும் நான்தான்.

வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பழைய தரவைத் திறந்தேன். குரல் ஏற்றத்துக்கு மொத்தம் நாற்பத்தொரு சான்று. எண்ணினேன். முப்பத்தொன்று ஏழாம் எண்ணுடையது. மீதிப் பத்தில் பாதி ஏறுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சந்தேகத்தின் பலனை எனக்கே கொடுத்திருக்கிறேன். ஆய்வேட்டில் எல்லாவற்றையும் விழுக்காட்டில் எழுதியதால் இது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான்.

அப்படியானால் பதினொரு வருடமாக நான் ஒரு வட்டாரத்தின் பண்பு என்று ஊர் ஊராகப் போய் வாசித்தது ஒரே ஒரு பெண் அழாமல் இருந்த விதம்.

2 ஏப்ரல், வியாழன்

அக்காவே கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

"அளவெல்லாம் சரியாத்தான் எடுத்திருக்க. ஆனா ஒரு மனையை அளந்துட்டு ஊர்ப்படம் வரைஞ்சிருக்க" என்றாள்.

"அக்கா, நான் வந்து..."

"ஃப்ரிட்ஜ் மேலயா வச்சிருந்த?"

"ம்."

"பேட்டரி பாக்கறேன்னு சொன்னியே, அதுதானா. தூசி தட்டறப்ப நானே எத்தனை தடவை அதைத் துடைச்சு வச்சிருக்கேன்."

 

"நான் சார்கிட்ட பேசினதை எத்தனை தடவை கேட்டிருப்ப?"

"நானூறு தடவை இருக்கும்க்கா."

"நானூறு தடவை. அதுல ஒரு தடவை கூட, ஏண்டி, அக்காவுக்கு ஒரு போன் போட்டு என்னாச்சுன்னு கேக்கத் தோணலையா உனக்கு?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. ஏறுகிற இடம் வந்ததும் நிறுத்தி, அளந்து, குறித்துக்கொண்டு, மறுபடி போட்டேன். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்ட ஞாபகமே இல்லை.

"தப்புதான்க்கா" என்றேன்.

"தப்புதான்." பிறகு, "தையக்கடையில சொன்னாங்க, இதுக்குக் கையெழுத்து ஏதோ வேணுமாமே. போன மாசம் அதுக்குத்தானே போன் பண்ண? ஃபாரத்தை அனுப்பு, பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

எனக்காகப் போட்டுவிடுவாள் என்று நினைக்கிறேன். எப்போதும் அவள்தானே போட்டுத் தருவாள். அப்படி நினைத்ததும் கூசியது.

9 ஏப்ரல், வியாழன்

படிவம் திரும்பி வந்தது. அளவுகோல் வைத்து அடித்த மாதிரி நேர்த்தியாக நிரப்பியிருக்கிறாள். 'பதிவைப் பயன்படுத்தச் சம்மதமா' என்ற இடத்தில் 'இல்லை'. 'காரணம், விருப்பமிருந்தால்' என்ற இடத்தில் 'முதலிலேயே சொல்லியிருக்கலாம்'. தொழில் என்ற இடத்தில் நான் தட்டச்சு செய்து அனுப்பியிருந்த 'இல்லத்தரசி'யைச் சிவப்பு மையால் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மேலே எழுதியிருக்கிறாள்: நில அளவையர்.

10 ஏப்ரல், வெள்ளி

ஏழாம் எண் என் அக்கா, அவள் சம்மதிக்கவில்லை, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று துறைத்தலைவரிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. மாநாட்டில் யாரும் கட்டுரையைத் திரும்பப் பெற்றதில்லை. பெற வேண்டியவை நிறைய உண்டு என்பது வேறு விஷயம்.

"ஒரே ஒரு கையெழுத்துக்கா? சொந்த அக்காதானே. குடும்பத்துக்குள்ள என்ன இருக்கு, நீங்களே போட்டுடுங்க."

"என் கையெழுத்து நல்லா இருக்காது சார்."

"அப்புறம் மே மாசம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

நிற்கவில்லை. வெளியே வந்தேன். பெரிய வீராங்கனை மாதிரி எழுதிக்கொள்ள வேண்டாம். திரும்ப உள்ளே போய்விடலாமா என்று கதவுக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்றேன்.

20 ஏப்ரல், திங்கள்

மாநாட்டு அறிக்கை அச்சாகி வந்தது. 'தகவலாளர்களையே ஆய்வாளர்களோடு விவாதிக்க வைத்த முன்னோடி மாநாடு. இணையத்தில் 183 பேர், 126 தற்சார்பு ஆய்வாளர்கள்.' மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமாம். துறைத்தலைவர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அடுத்த வருடமும் நானே அமைப்பாளர் என்று அறிக்கையின் கடைசி வரியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அறிக்கையை இன்றே அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "தையக்கடைக்காரங்க ஆய்வாளரா? அப்ப எனக்கு இனிமே ரவிக்கை சொன்ன தேதிக்கு வராது" என்றாள். ஞாயிறுதோறும் போன் செய்கிறேன் இப்போதெல்லாம். முதல் ஞாயிறு இரண்டு நிமிடம் பேசினாள். நேற்று பதினைந்து.

4 மே, திங்கள்

குழுவின் கடிதம் வந்தது. 'தொகுப்பில் வெளியான கட்டுரை ஏதும் இல்லாத நிலையில், நிரந்தரப் பணிக்கான கோரிக்கையை இவ்வாண்டு பரிசீலிக்க இயலவில்லை.' இரண்டு முறை படித்து உறையிலேயே திரும்பப் போட்டேன். வகுப்புக்குப் போனேன். குரல் ஒலிகளைப் பற்றி நன்றாகவே பாடம் எடுத்தேன் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். இன்று ஞாயிறு இல்லை. தேதியை ஞாபகம் வைத்திருக்கிறாள்.

"லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன போட்டிருக்கு?"

"இந்த வருஷம் இல்லையாம். பரவாயில்லக்கா. எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்."

அந்தப் பக்கம் குக்கரை இறக்கி வைக்கிற ஓசை, நாற்காலியை இழுக்கிற ஓசை.

"ஏறுது" என்றாள் அக்கா. "சொல்லு. உக்காந்துட்டேன்."

சொன்னேன். நாற்பது நிமிடம். யாரும் பதிவு செய்யவில்லை.